இரண்டாவது வெளிச்சம்

இன்று ஆய்வுகூடக் கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. லேசர் ஒளி குவிகிற இடத்தில் காற்றே கருகும். இடிமின்னலுக்குப் பிறகு வருகிற மணம். உடனே துறைமுகக் கரையும் நீயும்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள், மச்சான்.

சண்டையால் பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்த காலம். பொழுதுபடுகையில் உப்புவெளியிலிருந்து லிங்கநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கடல்பக்கம் மின்னிக்கொண்டிருந்தது. ஆமிக் காவலரணுக்குக் கிட்ட வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, அவர்களுக்கு ஆள் தெரிய டோர்ச் லைட்டை நம் முகத்துக்கே அடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஊருக்கே அது பழகிவிட்டது. எதிரே வருகிறவர்கள் உடம்பில்லாத முகங்களாக வருவார்கள். சுகமோ என்று ஒரு முகம் இன்னொரு முகத்தைக் கேட்டுவிட்டுப் போகும்.

நீ உன் பாட்டில், வாசித்த கட்டுரையிலேயே இருந்தாய். மூலக்கூறுகள் மோதுவதையும் முறிவதையும் லேசரால் பார்க்கலாமாம். "முதல் வெளிச்சம் முறிவைத் தொடக்கி விடும் மச்சான். ரெண்டாவது போய், இப்ப எப்பிடி நிக்கிறாய் எண்டு பார்க்கும். நடுவில பிடிச்சா வேற பக்கம் திருப்பவும் ஏலும்."

எனக்கு விளங்கவில்லை. "இஞ்ச பார்" என்று நின்று, லைட்டை உன் முகத்தில் ஒருமுறை மின்னவிட்டாய். சிரித்துக்கொண்டிருந்தாய். அணைத்தாய். மறுபடி போட்டாய். அதே சிரிப்பு, ஆனால் உன் தோளில் ஒரு கை இருந்தது. காலடிச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

கடலில் இயக்கப் படகுகளுக்குச் சிக்னல் கொடுத்தாயாம், ஆமிக்காரன் சொன்னான். "ஐயோ, இது கெமிஸ்ட்ரி சேர்." உன் குரலை நான் கேட்டது அதோடு சரி. விசாரித்துவிட்டு விடுவதாகச் சொன்னார்கள். பிறகு முகாம் முகாமாக அலைந்த உன் அம்மாவிடம், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள்.

இப்போது எனக்கு அதே வேலைதான். மூலக்கூறு முறிந்தும் முறியாமலும் நிற்கிற கணத்தைப் பிடிக்கிறேன். கண்ணாடியை மயிரிழை நகர்த்தினால் ஒளியின் பாதை குறுகி, இரண்டு வெளிச்சங்களுக்கும் நடுவே உள்ள இருட்டு குறையும். நீ சொன்னபடி திருப்பவும் முடிகிறது. திரையில் கோடு துடிக்கும்போது சில நாட்களில் பயமாக இருக்கிறது. என் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள்.

உன் அம்மா இன்னும் உனக்கு, செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிச் சடங்கைச் செய்யவில்லை. படத்துக்கு மாலையும் போடவில்லை. போன கிழமை தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, உங்கட லைட்டில அவன் எங்கயும் தெரியிறானோ?"

"இன்னும் இல்லை அம்மா" என்றேன்.

"ஓம், பாருங்கோ" என்று வைத்துவிட்டார்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், மச்சான். நடுவிலுள்ள இருட்டைக் குறைத்துக்கொண்டே போகிறேன், இரண்டாவது வெளிச்சத்திலும் நீ மட்டுமே நிற்கும்வரை.