ஐந்து பத்துக்கு வந்த அழைப்பு

அன்பு மகள் டீகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் விழுந்து எழுந்தாவது நடமாடிக்கொண்டிருக்கிறோம், நாஷ்வில் குளிரில் உன் தொண்டைக்கு ஒன்றும் வராமல் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டுமென்றுதான் எங்கள் ஜெபம் தினமும் ஆரம்பிக்கிறது. இங்கே நல்ல மழை, மேய்ச்சல் புல் முழங்கால் உயரம் நிற்கிறது. அப்பாவின் முட்டி ஆபரேஷனுக்கு பிரிஸ்பேனில் அக்டோபரில் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதுவரை வேலிப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தவர் மறுநாளே கம்பிச் சுருளோடு கிளம்பிவிட்டார். உன் அப்பாவை உனக்குத் தெரியாதா.

உன் ஆல்பம் இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்கிறது. கிம்பி டவுன் பேக்கரியில் இறைச்சி பை வாங்கப் போனால், கடைப் பெண், டீகனோட அம்மாவா நீங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா என்கிறாள். கிறிஸ்தவ ரேடியோவில் ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது வந்துவிடுகிறது. பத்திரிகையில் ஒருவன், துக்கத்துக்குப் பவுடர் பூசி மேடையேற்றியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான், அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். ஆனால் எல்லோரும் பேசுவது ஆல்பத்தின் ஆரம்பத்தில் வரும் அந்தப் பதினோரு நொடியைப் பற்றித்தான். மழைச் சத்தமும், யாரோ மூச்சு விடுவதும், பிறகு நீ பாட ஆரம்பிப்பதும். ஆண்டவரே, நான் உம்மைப் பாடிக்கொண்டிருந்தேன், என் தம்பி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான் என்று நீ பாடும்போது சபையில் அழாத ஆள் கிடையாது. ப்ரோடி சாவதற்கு முன் உன்னைக் கூப்பிட்டு உன் போனில் பதிவாக விட்டுப்போன மூச்சு என்று எல்லாருக்கும் தெரியும், நீயே பேட்டியில் சொல்லியிருக்கிறாய். அந்த மூச்சுக்கு அடியில் ஒரு ஆண் குரல் கேட்கிறதென்றும், அது எழுந்திரு என்று சொல்கிறதென்றும், கர்த்தரே பேசுகிறார் என்றும் இணையத்தில் பெரிய விவாதமே நடக்கிறதாம். சபையில் என் பக்கத்தில் உட்காரும் ரேலீன் போன மாதம் எழுந்து சாட்சி சொன்னாள். ஒன்பது வருஷம் பேசாதிருந்த மகனை அந்தப் பாட்டைக் கேட்ட அன்றே போனில் கூப்பிட்டாளாம், கிறிஸ்மஸுக்கு வருகிறானாம். சொல்லி முடிக்குமுன் என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

கண்ணு, இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. போனில் இரண்டு தடவை ஆரம்பித்து வானிலையைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அந்தப் பேட்டியெல்லாம் நான் பார்த்ததில்லை. பாஸ்டர் வாரிக் முதல் தடவை சபையில் விளக்கைக் குறைத்துவிட்டு அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டபோதுதான் நானும் கேட்டேன். கேட்டதும் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அது நம் சமையலறைத் தகரக் கூரையில் விழுகிற மழை. அந்த மூச்சு என்னுடையது.

அன்று ஓடையில் வெள்ளம் ஏறியதும் ப்ரோடி போனை நனைய வேண்டாமென்று சமையலறை மேசையில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் கிடாரிகளை மேட்டுக்கு ஓட்டப் போனான். போனது மூன்று மணிக்கு. பக்கத்துப் பண்ணை காலின் அவனைக் கீழே வில்லோ மரத்தடியில் உயிரில்லாமல் கண்டெடுத்தபோது நாலரை. நான் ஓடும்போது என் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது, வீட்டு லைனும் செத்துப்போயிருந்தது. ஐந்து பத்துக்கு மேசையிலிருந்த அவன் போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டது நான். நீ பிரிஸ்பேனில் ஒத்திகையில் இருந்தாய். நீ பதிவு செய்து வைத்திருந்த குரல், செய்தியைச் சொல்லுங்கள் என்றது. எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்பா கதவுப் பக்கம் நின்று, எடுத்தாளா, எடுத்தாளா என்று கேட்டார். ஜனங்கள் எழுந்திரு என்று கேட்பது அதைத்தான். வைத்துவிட்டேன். பிறகு வாரிக்தான் உன்னிடம் பேசினார். மூன்றாம் நாள் பாதை திறந்து நீ வந்தாய், அடக்கம் முடிந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. உன்னைத் தேடிய அழைப்புகளில் என்னுடையதும் ஒன்று என்றே ஆறு வருஷமாக நினைத்திருந்தேன். நீ இதைச் சுமந்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

தெரிந்த பிறகும் ஏழு வாரம் வாயைத் திறக்கவில்லை, அதுதான் என் பாவம். வாரிக்கிடம் மட்டும் சொன்னேன். அவர், இத்தனை பேருக்கு ஆறுதலா இருக்கறதை ஏம்மா கலைக்கணும், ஆண்டவர் எதை வேணா உபயோகிப்பார் இல்லையா என்றார். ரேலீன் முகம் நினைவுக்கு வந்தது, சரி என்று வந்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் இருநூறு பேர் கைகளை உயர்த்திக்கொண்டு நிற்க, செத்துப்போன என் பிள்ளையின் மூச்சு என்று என் மூச்சே கூரையிலிருந்து இறங்கி என்மேல் விழும். கடை ரேடியோவில் வந்தால் பாதியிலேயே தள்ளுவண்டியை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவேன். மழை பெய்தால் சமையலறைக்குள் போக முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை அப்பா காது மெஷினைப் புதிதாகச் சரிசெய்துகொண்டு வந்து அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து, நொலீன், அது சாமியும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, நான்தானே என்றார். நான் அழுதேன். அவர், இன்னைக்கே எழுதிப் போடு, ஊரு என்னவும் நெனச்சுக்கட்டும், எம் பொண்ணு செய்யாத தப்பைத் தூக்கிட்டு ஊர் ஊராத் திரியுறாளே என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துப் பக்கம் போனவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

அதனால் எழுதுகிறேன். அவன் கூப்பிட்டு நீ எடுக்காமல் போகவில்லை. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் உன்னிடமிருந்து பிடுங்குகிறேன் என்று எனக்குத் தெரியும். கடைசியில் அவன் தேடியது அக்காவை என்று நீ நினைத்திருந்தாய், அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் நின்றிருக்கிறாய். அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் இருப்பது ஒன்றுதான், அதுவும் நேற்று காலினிடம் போய்க் கேட்டு வாங்கியது. எதிர்க்கரையில் நின்றிருந்தாராம். ப்ரோடி ஒவ்வொரு கிடாரியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தானாம். கடைசிக் கிடாரி மட்டும் வரமாட்டேனென்று நிற்க, வாடி மகாராணி, உனக்குத் தனியா அழைப்பு வேணுமா என்று சத்தம்போட்டுச் சிரித்தானாம். சிரித்த வாய் மூடுமுன் கரை இடிந்தது என்றார். பயப்பட நேரமே இல்லம்மா, நான் பார்த்தேன் என்றார்.

பாட்டைப் பாடுவதும் நிறுத்துவதும் உன் இஷ்டம். ஜனங்களிடம் சொல்வதானால் சொல், நான் ரேலீனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கோபம் வந்தால் என்மேல் வை, அப்பாமேல் வைக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் நெஞ்சிலிருந்து அந்தப் பாரத்தை இறக்கி வைப்பாராக. கச்சேரிக்கு முன் வெறும் காப்பியோடு நிற்காமல் ஏதாவது சாப்பிடு. அந்த மகாராணிக் கிடாரி இப்போது மூன்று கன்று ஈன்றுவிட்டது, மேட்டில்தான் மேய்கிறது.

என்றும் உன் அம்மா,
நொலீன்