நாயைப் பற்றி மட்டும் கேட்டேன்

இரத்தினபுரி
06.04.2006

அன்பு மச்சான் கிருஷாந்த்,

சுகமா என்று இந்தத் தடவை பதில் வேண்டியே கேட்கிறேன். காய்ச்சல் உண்டா? கையில் ஊசி குத்துவது போல் இருக்கிறதா? தண்ணீர் விழுங்க முடிகிறதா?

உன் அக்கா போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. அடக்கம் முடிந்த மறுநாளே கொழும்புக்குப் போனாய். காரியத்துக்கும் வரவில்லை. முதலாளி லீவு தரவில்லை என்றாய். நான் நம்பவில்லை. உங்கள் வீட்டில் ஒருவரையும் நம்பவில்லை.

முதலில் டெங்கு என்றுதான் நினைத்தேன். அவள் இரத்தத்தை எங்கள் லேபில் நானே பார்த்தேன், இல்லை. பிறகு டொக்டர் விசர்நோய், ரேபிஸ் என்றார். எந்த நாய் கடித்தது என்று கேட்டார்.

இரண்டுமே ஆர்.என்.ஏ. வைரஸ்தான், ஆனால் வேலை செய்கிற விதம் வேறு. டெங்குவின் ஆர்.என்.ஏ. உள்ளே போனதும் நம் உயிரணு அதை அப்படியே வாசித்து அதற்கு வேலை செய்யத் தொடங்கிவிடும். பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும். விசர் வைரஸின் ஆர்.என்.ஏ.யை நம் உயிரணுவால் வாசிக்க முடியாது. அதனால் படியெடுக்கும் நொதியைக் கையோடு கொண்டு வரும். காயத்தின் பக்கத்தில் சத்தமில்லாமல் கிடந்து, நரம்பில் ஏறி மூளைக்குப் போகும். அதற்கு மாதக்கணக்கும் ஆகலாம். பின்னோக்கி எண்ணினேன். பொங்கலுக்கு அவள் உங்களோடு தேயிலைத் தோட்டத்தில் இருந்த நாட்கள் வந்தன.

அத்தையிடம் மூன்று தடவை கேட்டேன். "சாமி சத்தியமா எந்த நாயும் கடிக்கலங்க மாப்பிள்ள" என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ வளர்த்த நாயை எங்கோ ஒளித்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் பலாங்கொடை பஸ் ஏறிப் போய், லயத்து வீடுகளின் நாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. ஒன்று என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

பால் சேர்க்கும் மஷூர் நானா சிரித்தார். "நாய எதுக்குத் தம்பி தேடுறீங்க? மாட்டுப் பொங்கலன்னைக்கு ஒங்க மாமா வீட்டுப் பசு எச்சி ஊத்திக்கிட்டு நின்னுச்சே, ரெண்டாம் நாள் செத்துப் போச்சு. கரும்பு அடச்சிருச்சின்னு ஒங்க வீட்டுக்காரம்மா முழங்கை வரைக்கும் கைய விட்டாங்க. ஒங்க மச்சான்தான் நாக்க இழுத்துப் புடிச்சிருந்தாரு."

அங்கிருந்து உங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது அத்தை அழுதார். பொங்கல் சோற்றைத் தொடாமல் மாடு செத்தால் வீட்டுக்கு ஆகாது என்று எல்லோருமாக மறைத்திருக்கிறீர்கள். நாயைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். லேபில் வேலை செய்கிற நான் நாயைத் தவிர வேறொன்றையும் கேட்கவில்லை.

நீ ஹார்ட்வேர் கடையில் தகரம் தூக்குகிறவன். உன் கை கீறல் இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. மாட்டின் எச்சில் உள்ளே போக ஒரு கீறல் போதும். எண்பத்தொரு நாள் ஒன்றும் வரவில்லை என்று தைரியமாக இருக்காதே. காய்ச்சல், வருத்தம் தொடங்கும் முன் ஊசி போட்டால் தடுக்கலாம். தொடங்கிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. நாய் கடித்ததா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடாதே. விசர் பிடித்த மாட்டின் வாயில் கை வைத்தேன் என்று சொல். அத்தைக்கும் மாமாவுக்கும் திங்கட்கிழமை நானே கூட்டிப் போய் முதல் ஊசி போடவைத்தேன்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போகுமா என்றும் தெரியவில்லை. அந்தக் கோபத்தை நேரில் கேட்க நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், மச்சான்.

இப்படிக்கு,
கிருஷ்ணகுமாரியின் வீட்டுக்காரன்
சுதாகரன்