வலிக்கு மதிப்பெண்

செப்டம்பர் 4, புதன்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் எழுதுவேன். டாக்டரம்மா கேட்டது அதுதான்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, வலி பத்துக்கு எத்தனை. "பரீட்சை மாதிரி நெனச்சுக்கோ. ஆனா இதுல கம்மி மார்க் வாங்குறவதான் கெட்டிக்காரி."

பால் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படுகிறார். இரண்டு வாரம் பால், தயிர், வெண்ணெய், சாக்லேட் எதுவும் கூடாது. அப்படியும் வலித்தால்? "வாய் வழியா ஒரு சின்னக் குழாய் விட்டு உள்ள பாத்துடலாம்" என்றார், ஏதோ ஜன்னலைத் திறந்து பார்ப்பது போல.

பள்ளி நூலகத்தில் அந்தக் குழாயின் படத்தைத் தேடிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

செப்டம்பர் 5, வியாழன்

வலி 0. அம்மா விளக்கை அணைக்க வந்தாள். வேண்டாம் என்றேன். வலி வந்தால் இருட்டில் கிடக்க வேண்டாமே.

செப்டம்பர் 6, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் அம்மாவுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட். அன்றைக்கெல்லாம் அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து சமைப்பார். எட்டு மணிக்கு அம்மாவை அழைத்துவரக் கிளம்பிவிடுவார்.

ஏழரைக்கு உருளைக்கிழங்கு சூப், பிரெட். பிரெட் பாக்கெட்டின் பின்பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். பால் இல்லை. எட்டே முக்காலுக்கு வயிறு உப்பிப் பிசைந்தது. கழிவறைக்கு மூன்று தடவை ஓடினேன். வீட்டில் யாரும் இல்லை.

வலி 2.

செப்டம்பர் 9, திங்கள்

வலி 0. என் பக்கத்தில் உட்காரும் குருவி என் டிபனை எட்டிப் பார்த்தாள். "பாலும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது. ஏண்டி, உனக்கும் மாட்டுக்கும் ஏதாவது சண்டையா?" சிரித்தேன். ஆனாலும் கதவோரத்து இடத்தை நான் விடவில்லை. போன மாதம் பாதிப் பரீட்சையில் எழுந்து ஓடியதை அவள் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

காய்கறி சூப், சோறு. வலி 3.

செப்டம்பர் 14, சனி

பொய். நான் எழுதினது பொய்.

6-ஆம் தேதி வலி இரண்டு இல்லை, ஏழு. 10-ஆம் தேதி எட்டு. நேற்று இரண்டு என்று குறித்தேன் — அதுவும் ஏழு. ஏன் இப்படிப் பண்ணேன்? அந்தக் குழாய்தான். நம்பரைக் குறைச்சா வலி குறைஞ்சிடுமா? மக்கு, மக்கு.

பழைய எண்களை ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

சரியான எண்கள் என்னைப் பார்த்து முறைக்கின்றன. வெள்ளி, செவ்வாய், வெள்ளி. மற்ற நாளெல்லாம் பூஜ்யம், மிஞ்சினால் ஒன்று.

அப்பா சமைத்த நாட்கள்.

இருக்காது. இதே உருளைக்கிழங்கைத்தான் அம்மாவும் போடுகிறாள். இதை டாக்டரம்மா படித்தால் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பார்? குழாயைவிட இது அதிகம் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

தண்ணீர் எடுக்கப் போவது போல அடுப்படி வாசலில் நின்றேன். அப்பா தன் கருவிப் பெட்டியைத் திறந்து, ஸ்பானர்களுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். பால்பவுடர். சூப்பில் ஒரு ஸ்பூன், இரண்டு, மூன்று. திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"போய்ப் படி, புரொபசர்" என்றார்.

"அப்பா, அது பால்."

"பால் இல்லாம எலும்பு எப்படிம்மா நிக்கும்? ஏற்கெனவே குச்சி மாதிரி இருக்க." டப்பாவை மூடினார். பிறகு, "போன வாரம் உன் நோட்டை எட்டிப் பாத்தேன். ரெண்டு, மூணுன்னுதான் போட்டிருந்த. சரி, தாங்குதுன்னு நெனச்சேன்."

என் பொய்யை நம்பித்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்!

"ஏழுப்பா. ஒரு நாள் எட்டு. நீங்க கிளம்பினப்புறம்."

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சூப்பைக் கொட்டினோம். வெறும் சோறும் முட்டையும். வலி 0.

செப்டம்பர் 18, புதன்

டாக்டரம்மாவைப் பார்க்கக் காத்திருந்தபோது நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா கை நீட்டினார். "பேனாவும் குடு." மூன்று நாட்களின் ஓரத்திலும், வேலை ரிப்போர்ட் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினார்: சூப்பில் பால்பவுடர், மூன்று ஸ்பூன். போட்டது அப்பா.

டாக்டரம்மா அடித்த எண்களையும் பார்த்தார், ஓரத்தையும் பார்த்தார். "அப்பாவும் பொண்ணும் சேர்ந்து என்னைச் சுத்தவிட்டிருக்கீங்க!" எலும்புக்கு முட்டையும் கீரையும் சின்ன மீனும் சொன்னார், ஒரு மாத்திரையும். இன்னும் இரண்டு வாரம் இப்படியே பார்க்க வேண்டும். குழாய் இப்போதைக்கு வேண்டாம்.

இப்போதைக்கு. அந்தச் சொல் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

அப்பா சமையல். "இங்க வந்து நில்லு" என்று பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டார். உப்புப் பாக்கெட்டைக்கூட விடவில்லை, பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

ஏழரைக்கு உருளைக்கிழங்கு சூப், பிரெட். எட்டுக்கு அப்பா தயங்கித் தயங்கிக் கிளம்பினார். எட்டே முக்காலுக்கு வயிற்றில் கை வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்திருந்தேன். ஒன்பது. ஒன்பதே கால்.

வலி 0. குறைத்து எழுதவில்லை.

ஒன்பதரைக்கு இருவரும் வந்தார்கள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டைத்தான் முதலில் பார்த்தார். அப்புறம் என் முகத்தை.

படுக்கும்போது அம்மா கேட்டாள்: "விளக்கை அணைக்கட்டுமா?" ம் என்றேன். அணைத்துவிட்டாள். இந்த வரி கோணலாக இருந்தால் அதனால்தான்.