தலைப்பாகைக்காரருக்கு வசனம்

மாமா,

இன்று வகுப்பில் வீடியோப் பெட்டி சூடாகி, தூசு கருகும் மணம் வந்தது. நீங்கள் போன பிறகு எங்கள் வீட்டில் அந்த மணமே இல்லை.

டவுன்டவுன் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை இல்லாத ஞாயிறுகளில், எங்கள் வீட்டு வீடியோப் பெட்டியில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் போடுவீர்கள். உலகப்போர் நேரத்தில் எடுத்த சிரிப்புப் படங்கள். கப்டன் வாளிக்குள் காலை விடுவார். பட்டாளமே சேற்றில் விழும். கண்ணில் நீர் வரச் சிரிப்பீர்கள். ஆனால் தலைப்பாகை கட்டிய வேலைக்காரர் வந்ததும் படத்தின் சத்தத்தை நிறுத்திவிடுவீர்கள். எங்களைப் போன்ற ஆள் என்று காட்ட முகத்தில் கரி பூசிய வெள்ளைக்கார நடிகர் அவர். கண்ணை உருட்டி, தலையை ஆட்டி, அரைகுறை ஆங்கிலத்தில் உளறுவார். அவருக்கு நீங்கள்தான் மட்டக்களப்புத் தமிழில் குரல் கொடுப்பீர்கள்.

"ஐயா, விழுந்தது நீங்க. சிரிக்கிறாங்க என்னப் பாத்து. இது என்ன ஞாயம்?"

ஒருநாள் சண்டை பிடித்தேன். "எங்கள நக்கலடிக்கிற படம் மாமா. ஏன் பாக்கிறீங்க?"

"தெரியும் புள்ள. அதுக்காக அந்த மனுசன அவங்களோட தனிய விடுறதா?"

போர்க்காலத்தைப் பற்றிப் படிப்பிக்க ஆசிரியை இன்று போட்டதும் அப்படியொரு படம்தான். தலைப்பாகைக்காரர் வந்தார். வகுப்பே சிரித்தது. "உன் அப்பா வந்திட்டார்" என்று பின்னாலிருந்த ஒருவன் பிரெஞ்சில் சொன்னான். நான் எழுந்து நின்றேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்றேன்.

"அந்தக் காலம் அப்படி. மனதில் எடுக்காதே" என்றார் ஆசிரியை.

"அந்தக் காலத்திலும் நாங்கள் இருந்தோம், மதாம்."

அவர் படத்தை நிறுத்தப் போனார். நிறுத்த வேண்டாம், சத்தத்தை மட்டும் குறையுங்கள் என்று கேட்டேன். ஏனோ குறைத்தார். கப்டன் விழுந்து, தலைப்பாகைக்காரர் வாயசைத்ததும் உங்கள் வசனத்தைப் பிரெஞ்சில் சொன்னேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், இந்த முறை கப்டனைப் பார்த்து. பின்னாலிருந்தவன் சிரிக்கவில்லை.

மீதிப் படம் அடுத்த வகுப்பில். மனம் நோகுமென்றால் அந்த நேரம் நூலகத்தில் இருக்கலாம் என்று ஆசிரியை அன்பாகத்தான் சொன்னார். நூலகம் எனக்கு எவ்வளவு விருப்பம் என்று உங்களுக்குத் தெரியும்.

"வேண்டாம் மதாம். முன்வரிசையில் இருக்கிறேன்."

இப்போது அவருக்குப் புது வசனம் யோசிக்கிறேன். உங்கள் குரல் காதுக்குள் இருக்கிறது, சிரிக்கவைக்கும் அந்தப் பகிடி மட்டும் எனக்கு வராது. ஆனால் மாமா, என் தலைப்பாகைக்காரர் யாரையும் ஐயா என்று கூப்பிடமாட்டார்.