தகர டப்பாவில் உங்கள் வாட்ச்

கரடியூர்,
14 நவம்பர் 1988

மதிப்பிற்குரிய கிறிஸ்துதாஸ் அவர்களுக்கு,

கரடியூர் அமலி எழுதுகிறேன். அன்று மழையில் கிளம்பிய நீங்கள் எல்லோரும் குப்பனூருக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெண் பார்த்துவிட்டுப் போனவருக்குப் பெண்ணே கடிதம் எழுதுவது முறையில்லை என்று தெரியும். உங்கள் வாட்ச் எங்கள் வீட்டில் இருப்பதால் எழுதுகிறேன்.

காபித் தட்டோடு வந்தபோது நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்த தலைக்கு உங்கள் மணிக்கட்டுதான் தெரிந்தது. வாட்ச் கண்ணாடிக்குள் ஈரம் கோத்திருந்தது. வாய் நிற்காமல், "உங்க வாட்ச்சுல ஈரம் ஏறியிருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தீர்கள். அதோடு முடிந்திருக்கலாம். என் தங்கை ஜெயமேரி, "அக்காகிட்ட நெறைய இருக்குதுங்க" என்று பெருமையாக என் தகர டப்பாவைத் தூக்கி வந்து பாயில் கொட்டினாள்.

கல்யாணமாகாத புள்ளைகிட்ட இத்தன ஆம்பளைங்க வாட்ச்சு ஏதுங்க என்று உங்கள் அம்மா கேட்டார். கேட்டதில் தப்பில்லை. பேட்டரி வாட்ச் வந்தபிறகு எஸ்டேட் ரைட்டர் முதல் டீச்சர் வரை பழையதைக் கழற்றிப் போடுகிறார்கள். டியூஷன் காசில் அவற்றை வாங்கிச் சேர்த்தேன். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த ஒன்று சாவி கொடுத்ததும் ஓடத் தொடங்கினால், அன்று முழுக்க யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். ஒரு மழைக்காலம் போனால் பாதி நின்றுவிடும். ஒன்றின் கண்ணாடி இன்னொன்றுக்குச் சேராது. சேலத்துக்குக் கொண்டுபோனால், "இதுக்குச் சாமான் வர்றதில்லம்மா, தூக்கிப் போடு" என்பார்கள். இதையெல்லாம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "அதெல்லாம் என்னோடதுங்க" என்றார். உங்கள் மாமா ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்து, "அப்ப மணி என்னன்னு சொல்லுங்க, பஸ்ஸுக்குப் போகோணும்" என்றார். அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு காதில் வைத்து, "நல்லா ஓடுதுங்க" என்றார். மாமா சிரித்த சிரிப்பு அடுப்படி வரை கேட்டது. நீங்கள் சிரிக்கவில்லை, கவனித்தேன்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. எஸ்டேட் சங்கும் மாதா கோயில் மணியும்தான் அவருக்கு நேரம். பட்டம் வாங்கிய மகள் நான், கதவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். நீங்கள் எல்லோரும் எழுந்த அவசரத்தில் டப்பாவுக்குள் அள்ளிப் போட்டவற்றோடு உங்களுடையதும் போய்விட்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை நான் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கண்ணு, இதுல சின்ன முள்ளுதான மணி?" என்று கேட்டார். இத்தனை வாட்ச் சேர்த்தவளுக்கு அதை அவருக்குச் சொல்லித்தரத் தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து தினமும் சொல்லித்தருகிறேன்.

உங்கள் வாட்ச்சைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். ஈரம் போய்விட்டது, ஓடுகிறது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பலாம் என்றேன். கழட்டிக் குடுத்தவர் கையிலதான் குடுக்கோணும் என்கிறார் அப்பா.

சம்மதமா இல்லையா என்று கேட்க இதை எழுதவில்லை. அந்த வாட்ச்சுகள் என்னுடையவை என்று உங்கள் அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லிவிடுங்கள். எந்தப் பதிலோடு வந்தாலும், அப்பாவிடம் ஒருமுறை மணி கேளுங்கள். மாமாவும் கூட இருந்தால் நல்லது.

ஆண்டவர் உங்கள் வீட்டாரைக் காப்பாராக.

பணிவுடன்,
அமலி