லலிதா இல்லாத கூட்டம்

14-7-1998, செவ்வாய்

இன்று பள்ளிக்கூடத்துக் கூட்டத்தில் இருந்தவர்கள்: சுற்றுப்பயணம் வந்த கல்வித்துறை டைரக்டர், ஹெட்மிஸ்ட்ரஸ், இரண்டு டீச்சர்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், என்னோடு சேர்த்து ஒன்பது அம்மாமார். என் மகள் லலிதா இல்லை. "பெரிய ஆபீசர் வரார் மாமி, நாளைக்கு ஒரு நாள் குட்டியைக் கொண்டுவரண்டாம், கேட்டேளா" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் நேற்றே சொல்லியிருந்தார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

எல்லாக் குழந்தைகளுக்கும் சமமான வாய்ப்பு வேண்டும் என்று டைரக்டர் அரை மணி நேரம் பேசினார். பிறகு, நடக்க முடியாத பிள்ளைகள் யாராவது இங்கே படிக்கிறார்களா என்று கேட்டார்.

"ஆரும் இல்லை சார்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. "என் பொண்ணு இருக்கா சார். கிளாஸ் மாடியில. தினம் நான்தான் தூக்கிண்டு ஏறறேன்" என்றேன். இன்று ஏன் வரவில்லை என்று அவர் கேட்டார். ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தேன். டைரக்டருக்கு அதுவே போதுமாயிருந்தது. வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

"நாலு பேர் முன்னால என்னைக் கள்ளி, பொய்க்காரின்னு ஆக்கிட்டேளே மாமி. நாளைக்குக் குட்டியோட வாங்கோ, பார்க்கலாம்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

ராத்திரி வீட்டில் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. "டைரக்டர் போயாச்சு. டி.சி.யைக் கையில கொடுத்துட்டா எங்கேடி சேர்ப்பே?" என்கிறார். லலிதாவோ, கீழே எந்த ரூம், ஜன்னல் உண்டா என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

பத்மநாப சுவாமி, நாளை அவளைத் தூக்கிக்கொண்டு போகட்டுமா, வேண்டாமா? எட்டரைக்கு ஆட்டோ வந்துவிடும். அதற்குள் சொல்லு.