கியூபா தீர்மானமும் எங்கள் கடையும்

ஜன. 20, செவ்வாய்

பனி. பொங்கல் லீவு முடிந்து ஜவ்வரிசி ஆலை திறந்தாயிற்று. மரவள்ளிக் குச்சிக்கிழங்கு இரண்டு லோடு வந்தது. பெல்ட் அறுந்து ஒரு மணி நேரம் சும்மா.

மாவட்டத் தொழிற்சங்கத்திலிருந்து போன். கியூபா மீதான அமெரிக்கத் தடையை எதிர்த்து எல்லாக் கிளையும் தீர்மானம் போட வேண்டும். வியாழன் கூட்டம். கிளைச் செயலாளர் நான்தான், எழுத வேண்டியதும் நான்தான்.

'நம்ம ஆலைக்கும் கியூபாவுக்கும் என்னாங்க சம்பந்தம்?' என்றார் பாய்லர் மாணிக்கம். மருந்து, எண்ணெய் போகவிடாமல் அடைக்கிறார்கள், கொண்டுபோகிற கப்பலுக்கும் தண்டனை என்றேன்.

'அடப்பாவிங்களா.'

செல்வி பக்கத்தில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கேட்டாளா தெரியவில்லை.

வாங்க வேண்டியது: கடைக்குத் துணி சோப்பு, கலாவுக்கு முட்டிவலித் தைலம்.

ஜன. 21, புதன்

தீர்மானம் எழுதினேன். 'மனிதாபிமானமற்ற' மூன்று இடத்தில். ஒன்றை அடித்தேன்.

இதையும் எழுதத்தான் வேண்டும். செல்வி எங்கள் ஊர். வரப்புத் தகராறில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வராமல் நேரே போலீசுக்குப் போனாள் என்று ஐப்பசியிலிருந்து அவள் குடும்பத்தை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். பேசக் கூடாது. சாமான் கொடுக்கக் கூடாது. மீறினால் மீறியவர்களையும் ஒதுக்குவார்கள்.

ஊரில் மளிகைக் கடை ஒன்றுதான். எங்களுடையது. என் மனைவி கலா நடத்துகிறாள்.

ஆலைக்குள் செல்வியோடு பேசுவேன். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பேசமாட்டேன். பொங்கலுக்கு வெல்லம்கூட அவள் பாப்பிரெட்டிப்பட்டி போய்த்தான் வாங்கி வந்தாள்.

ஜன. 22, வியாழன்

ஷிப்ட் முடிந்து கூட்டம். டீ, வடை. தீர்மானத்தைப் படித்தேன். யாராவது பேசலாம் என்றார் மாவட்டத்திலிருந்து வந்த தோழர். செல்வி எழுந்தாள்.

'அந்த நாடு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதுங்க. சாமான் குடுக்க மாட்டாங்க. குடுக்கலாம்னு நெனைக்கிறவங்களுக்கும் பயம். அதானுங்களே? அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போடறேன்.'

என் பக்கம் திரும்பவே இல்லை. தோழர் கை தட்டினார். அவருக்கு விஷயம் தெரியாது. ஏகமனதாக நிறைவேறியது. வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் அவள் முன்னால், நான் கடைசி சீட்.

ஜன. 23, வெள்ளி

விடிந்தும் விடியாமலும் கடையிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு ஒரு பையில். யாரும் பார்க்காதபடி வாய்க்கால் ஓரமாகப் போனேன். செல்வி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

'எதுக்குங்கண்ணா இது? எங்கிட்ட காசு இருக்குது. கடைக்கு வரேன், நாலு பேர் பாக்க எடை போட்டுக் குடுங்க. இப்படிப் பதுங்கி வந்து குடுத்தா வேண்டாம்.'

பையோடு திரும்பினேன். நடந்ததைக் கலாவிடம் சொன்னேன்.

'அவ உப்புக்கு வந்தப்ப இல்லேன்னு சொன்னது நானு. நீங்க வூட்டுக்குள்ள டிவி பாத்துட்டு இருந்தீங்க' என்றாள். இட்லிக்குச் சட்னி இல்லை, பொடிதான்.

ஜன. 24, சனி

கரண்ட் இல்லை, ஆலை லீவு. கடையில் நானும் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்குச் செல்வி வந்தாள். எதிரே கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர். பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். கலா எழுந்தாள்.

'வா செல்வி. என்ன வேணும்?' தெருவுக்கே கேட்கிற மாதிரி.

துவரம்பருப்பு அரை கிலோ, உப்பு, ஒரு தீப்பெட்டிக் கட்டு. காசு கொடுத்தாள், மீதி வாங்கினாள், சாயங்காலம் வருகிறேன் என்று கலாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான்.

மத்தியானம் ஊர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்களையும் ஒதுக்கியாயிற்று. அதன்பிறகு ஒரு ஈ காக்கை இல்லை. பால்காரர் எங்கள் வீட்டில் நிற்காமல் தாண்டிப் போனார். காலையில் வந்த தக்காளி ஒரு கூடை அப்படியே கிடக்கிறது. எனக்குப் பயம்தான், பொய் சொல்ல என்ன இருக்கிறது.

ஐந்து மணிக்கு, 'கடையைச் சாத்திடலாமா?' என்றேன்.

'தொறந்தே கெடக்கட்டும். செல்வி தக்காளிக்கு வரேன்னிருக்கா.'